வண்டி இழுக்காத நாட்கள்

முதல் தடவை அது நடந்தது வில்லுக்குறி தாண்டி ஒரு ஏற்றத்தில். முன்னால் வைக்கோல் ஏற்றிய மினி லாரி ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. எதிரே ரோடு காலி. இண்டிகேட்டர் போட்டு, மூன்றாம் கியருக்கு இறக்கி, வலது பக்கம் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தேன். லாரியின் பாதி நீளம் வரை வண்டி போனது. அதற்கப்புறம் பின்னால் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி சோர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் இருந்தது, இழுவை இல்லை. காலைத் தரையோடு அழுத்துகிறேன், ஒன்றும் வரவில்லை. வளைவில் கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று லைட்டை அடித்துக்கொண்டு வந்தது.

மினி லாரிக்காரன் புண்ணியவான், பிரேக்கைப் போட்டு எனக்கு இடம் விட்டான். நான் அவன் முன்னால் நுழைந்ததும் டிப்பர் காற்றை அறைந்துகொண்டு கடந்து போனது. காலை எடுத்து ஓரமாக ஒதுக்கினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மெதுவாக மிதித்துப் பார்த்தால், வண்டி எதுவுமே நடக்காதது போல நகர்கிறது. என் வலது கால் மட்டும் முட்டிக்குக் கீழே தன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டில் என் கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"என்னட்டி?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும். நீங்க உறங்குங்க."

அவர் உறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பெட்ரோலில் தண்ணீர் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது நாகர்கோவிலுக்கு, அவருடைய டயாலிசிஸுக்கு. இரணியலில் எங்கள் வீடு. தக்கலைக்கு வந்து நாகர்கோவில் ரோட்டைப் பிடித்து, வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை என்று போய், பார்வதிபுரம் பாலம் ஏறி இறங்கினால் ஆஸ்பத்திரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் இதுதான் எங்கள் வழி. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி இல்லை. மெஷின்தான் இழுத்து எடுக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் அந்தத் தண்ணீர் நெஞ்சில் ஏறும். அப்படி ஏறினால் எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்த்திருக்கிறேன். படுக்க முடியாமல், தலையணையைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு மூச்சையும் அவர் கையால் பிடித்து இழுப்பது போல இழுத்தார். அதன் பிறகு எனக்கு ஒரே ஒரு கணக்குதான். இவரை நேரத்துக்கு அந்த மெஷினில் கொண்டு சேர்க்க வேண்டும்.

வாடகைக் கார் பிடிக்கக் கூடாதா என்று கேட்பார்கள். பிடித்தோம். திரும்பி வரும்போது அவருக்கு பிரஷர் இறங்கி, கதவைத் திறப்பதற்குள் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டார். டிரைவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியில் அவன் முகத்தை இவர் பார்த்துவிட்டார். அதோடு சரி. இனி நம்ம வண்டிதான், இல்லையென்றால் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டார். கரண்டாபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, போஸ்ட்டில் ஏறி வயரைப் பிடித்தவர். ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

நம்ம வண்டி என்பது எங்கள் மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது. இப்போது அவனுடைய பிள்ளை வளைகுடாவில் பள்ளிக்கூடம் போகிறது. "அம்மா, அந்த டப்பாவ வித்துட்டு வேற எடுங்க" என்று போனில் சொல்வான். நான் கேட்கவில்லை. இந்த வண்டியில்தான் நான் ஓட்டப் பழகினேன், இதன் குணம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தெரியும் என்று நினைப்பது எங்கள் தொழில் வியாதி.

அவர் உடம்பு நன்றாக இருந்தவரை சனிக்கிழமைதோறும் பானட்டைத் தூக்கி, தண்ணீர் பார்த்து, ஆயில் பார்த்து, வயர்களைத் துடைத்து வைப்பார். வியாதி வந்தபிறகு நான் அதை நிறுத்திவிட்டேன். மெஷினோடு இணைக்க அவர் கழுத்தில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதில் அழுக்குப் பட்டால் ரத்தத்தில் விஷம் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் கார் ஷெட்டிலோ எலி, தூசி, சிலந்தி எல்லாம் குடும்பத்தோடு வாசம். "வண்டிக்க பக்கத்தில நீங்க போவப்பிடாது" என்று கட்டளை போட்டேன். கொஞ்சம் உரக்கவே போட்டேன். முணுமுணுத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

அப்புறம் ஜெபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சபைக்கார வீடுகளில் வண்டி கிளம்பும் முன்னால் ஜெபம் உண்டு. எல்லோரும் ஏறி, கதவைச் சாத்தியதும் வண்டிக்குள் மூத்தவர் கண்ணை மூடி நாலு வார்த்தை ஜெபிப்பார். மற்றவர்கள் ஆமென் சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவது. மார்க்கெட்டுக்குப் போனாலும் உண்டு, மதுரைக்குப் போனாலும் உண்டு. மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் குட்டையாக இருக்கும், அவ்வளவுதான். என் கணவருடைய வண்டி ஜெபம் எப்போதும் அளவானது. எங்களைக் கொண்டு போம், கொண்டு வாரும், வழியில் தீங்கு வராமல் காரும், ஆமென். நான் சாவியைத் திருப்புவேன்.

வில்லுக்குறி ஏற்றத்துக்கு அடுத்த வாரம் சுங்கான்கடையில் மறுபடியும் நடந்தது. பஸ்ஸை முந்த ஏறினேன், வண்டி சோர்ந்தது. பின்னால் வந்த டிப்பர்காரன் ஹாரனை அடித்த அடியில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அன்றைக்கு முழுதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, திரும்பிப் போகும் வழியில் எந்தெந்த இடத்தில் ஏற்றம் இருக்கிறது என்று மனசில் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

தக்கலையில் ஒரு மெக்கானிக் உண்டு. எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, சவுதியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து ஒர்க்ஷாப் போட்டவன். அவனிடம் விட்டேன். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். என்னையும் ஏற்றிக்கொண்டு வில்லுக்குறி ஏற்றத்துக்கே கொண்டுபோய் மிதித்துக் காட்டினான். வண்டி குதித்துக்கொண்டு போனது.

"டீச்சர், ஃபில்டர் அடச்சிருந்துது. இனி பிரச்சினை இல்ல."

அடுத்த டயாலிசிஸ் நாளில், அதே ஏற்றத்தில், வண்டி சோர்ந்தது.

மறுபடியும் கொண்டுபோனேன். பிளக்கை மாற்றினான். ஓட்டிப் பார்த்தோம். அருமையாக இழுத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, அவரை ஏற்றிக்கொண்டு போனால், தோட்டியோட்டில் மூச்சை விட்டது. பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்த்தான். காயிலை மாற்றினான். ஏர் ஃபில்டரைத் திறந்து காட்டினான், சுத்தமாக இருந்தது. முன்னால் ஹெட்லைட்டுக்குப் பின்பக்கம் வாயைத் திறந்துகொண்டிருக்கும் கறுப்புக் குழாயைத் தொட்டு, "இஞ்சின் மூச்சு எடுக்கது இது வழியாக்கும் டீச்சர். இதுவும் கிளியரா இருக்கு" என்றான். என் வண்டி ஒர்க்ஷாப்பில் நின்றபோதெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையில், டீச்சருக்கு வயதாகிவிட்டது, மிதிக்கத் தைரியம் இல்லை என்கிற சந்தேகம் தெரிந்தது. எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

கணக்கு டீச்சருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எப்போது நடக்கிறது, எப்போது நடக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பது. மெதுவாகப் போனால் நடப்பதில்லை. பலமாக மிதித்தால் நடக்கிறது. பக்கத்து ஊரான திங்கள்சந்தைக்கு நான் தனியாகப் போனால் நடப்பதில்லை. அந்த ரோட்டில் மிதிக்க இடமே இல்லை, அதனால் அதைத் தள்ளிவிடலாம். ஆனால் மெக்கானிக்கோடு பெரிய ரோட்டில் போகும்போதும் நடப்பதில்லையே. அதே ரோடு, அதே ஏற்றம், அதே மிதி. எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் நிற்பது ஒன்றே ஒன்று. அவர் ஏறினால்தான் வண்டி சோர்கிறது.

நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை. பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று நினைப்பவள். ஆனாலும் அவர் வண்டியில் கால் வைக்கும்போதெல்லாம் ஒரு எண்ணம் வந்தது. இவர் இனி அதிகத் தூரம் போகப் போவதில்லை என்று யாரோ எனக்குச் சொல்லிக் காட்டுகிறார்களோ? யாரிடமும் இதை வாய் திறக்கவில்லை. ஒரு காலையில் அவரே, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் ஏறினாத்தான் இது மக்கார் பண்ணுகு, பாத்தியா?"

"சும்மா இருங்க. வண்டிக்கு ஆள் தெரியுமா?"

"தெரியும்போலத்தான் இருக்கு."

சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் அவருடைய ஜெபம் நீண்டுகொண்டே போனது. முதலில் டயர்கள் வந்தன. பிறகு பிரேக். பிறகு, கரண்டாபீஸ்காரர் அல்லவா, ஒவ்வொரு வயரையும் ஆண்டவருடைய கரத்தில் ஒப்புக்கொடுத்தார். ஒருநாள், "சகல விஷ ஜந்துக்களுக்கும் எலிகளுக்கும் இந்த வாகனத்தை விலக்கிக் காத்தருளும்" என்றார். ஆமென் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"எலிக்கெல்லாமா ஆண்டவரைத் தொந்தரவு பண்ணுவாவ?"

"அவருட்ட ஒண்ணையும் மறைக்கப்பிடாதுட்டி" என்றார்.

நோய் மனுஷனை எப்படியெல்லாம் ஆக்குகிறது என்று நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். ஏ.சி. காற்றில் லேசாகப் புகையிலை வாடை அடித்தது. மெக்கானிக் பயல் புகையிலை மெல்ல ஆரம்பித்துவிட்டான் போல, அடுத்த தடவை காதைத் திருக வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் கொடியில் கிடந்த சிவப்புக் கரைத் துவர்த்து ஒன்று காணாமல் போயிருந்தது. உடம்பு துவட்டுகிற அந்த மெல்லிய துண்டைக் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பயம் எனக்குப் பழகவில்லை. பழகும் என்று நினைத்தேன், இல்லை. முந்துவதை விட்டேன். எந்த லாரியின் பின்னால் மாட்டினாலும் அதன் பின்னாலேயே போனேன். அதனால் இன்னும் முன்னதாகக் கிளம்ப வேண்டி வந்தது. ஆனால் ஏற்றத்தை என்ன செய்வது? ஏற்றம் வந்தால் மிதித்துத்தான் ஆக வேண்டும். சுங்கான்கடை நெருங்கும்போதே என் கால் ஆடத் தொடங்கிவிடும். இடது கையால் தொடையை அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். அவர் கண்ணை மூடியிருக்கிறார், பார்க்க மாட்டார் என்று ஒரு தைரியம்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை. ஞாயிறன்று மெஷின் கிடையாது என்பதால் திங்கள் காலை அவருக்கு எப்போதும் மோசம்தான். அன்றைக்கு அதைவிட மோசம். ராத்திரி முழுவதும் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். விடிந்தபோது கால் இரண்டும் வீங்கி, உதடு நிறம் மாறியிருந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறேன் என்றேன். அது வருவதற்குள் நாம் பாதி வழி போய்விடலாம் என்று கையைக் காட்டினார். சரியென்று பட்டது. குடை பிடித்து ஏற்றினேன். கதவைச் சாத்தினேன். அவர் வாயைத் திறந்தார், ஜெபம் வரவில்லை, மூச்சுதான் வந்தது. என்னைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் சத்தமாக ஜெபிக்கிறவர் அவர்தான். நான் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறவள். "ஆண்டவரே, ஆஸ்பத்திரி வரைக்கும்" என்றேன். அவர் தலையை ஆட்டி, "ஆமென்" என்றார்.

மழை ரோட்டை மறைத்தது. வைப்பர் அடிக்க அடிக்க நிறைந்தது. பள்ளங்களில் எல்லாம் தண்ணீர். எதிரே வருகிற ஒவ்வொரு லாரியும் ஒரு குளத்தை அள்ளி என் முகத்தில் எறிந்துவிட்டுப் போனது. வில்லுக்குறியில் வண்டி சோர்ந்தது, காலை எடுத்ததும் பிழைத்தது. சுங்கான்கடையில் சோர்ந்தது, இரண்டாம் கியரில் இழுத்து இழுத்து ஏறியது. பக்கத்தில் அவர் மூச்சு, முன்னால் இன்ஜின். எது எப்போது நிற்கும் என்று இரண்டையும் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். பார்வதிபுரம் பாலம் தெரிந்தபோது, இதை மட்டும் ஏறிவிடு என்று வண்டியிடமே சொன்னேன்.

பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. இந்தத் தடவை சோர்ந்து பிழைக்கவில்லை. ஒரு குலுக்கல், பிறகு அமைதி. சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பவும் சுற்றியது, பிடிக்கவில்லை. கண்ணாடியில் ஒரு டிப்பர் என் பின்னால் வருவது தெரிந்தது. லைட் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவரைக்கூட நினைக்கவில்லை, கண்ணைத்தான் மூடினேன்.

ஹாரன் நீளமாக அடித்தது. பிரேக் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அந்த லாரி எங்கள் பின்னால் குறுக்குவாட்டில் நின்று, எல்லா லைட்டையும் மின்னவிட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் ஜன்னலில் இருந்து கையை வெளியே நீட்டி, பின்னால் வருகிற வண்டிகளை ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் நான் யாரைப் பார்த்து நடுங்கினேனோ, அவன்.

"எட்டி..." என்றார் என் கணவர். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாக வந்தது. "எலி... வயரக்... கடிச்சிட்டு."

இந்த நேரத்திலும் எலியா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பானட்டின் லிவரை இழுத்துவிட்டு மழையில் இறங்கினேன். திறந்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே சும்மா உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க முடியாது, அதனால் இறங்கினேன்.

பானட்டைத் தூக்கியதும் முதலில் அடித்தது புகையிலை வாடை. பிறகு பார்த்தேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால், மெக்கானிக் தொட்டுக் காட்டிய அந்தக் கறுப்புக் குழாயின் வாயில், ஒரு துணி. ஈரத்தில் ஊறி, வாயை அடைத்து, பாதி உள்ளே போயிருந்தது. வெளியே தொங்கிய நுனியில் சிவப்புக் கரை. பிடித்து இழுத்தேன். முதலில் வரவில்லை. காலை பம்பரில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். சளக்கென்று வந்தது. துவர்த்துத் துணியில் முடிந்த ஒரு பொட்டலம், உள்ளே புகையிலை. அதைக் கட்டியிருந்த கயிற்றில் பக்கத்திலேயே இன்னும் இரண்டு சின்னப் பொட்டலங்கள். மூன்றையும் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, பானட்டை அடைத்து, சாவியைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் இருமிவிட்டு வண்டி பிடித்தது. மிதித்தேன். இழுத்தது. பாலத்தின் உச்சி வரைக்கும் ஒரே மூச்சில் இழுத்தது.

ஆஸ்பத்திரியில் அவரை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். மெஷினில் போட்டு, ஆக்சிஜன் வைத்து, மூச்சு மெல்ல மெல்லச் சீராகும்வரை என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவில் ஈரச் சேலையோடு உட்கார்ந்து அந்தப் பொட்டலங்களைப் பார்த்தேன். கயிறு போட்டிருந்த முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. போஸ்ட்டில் ஏறுகிறவர்கள் போடுவது, இழுக்க இழுக்க இறுகும். கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கட்டும்போது வருஷா வருஷம் பார்த்த முடிச்சு. எங்கள் ஊரில் எலிக்கு வண்டிக்குள் புகையிலை வைப்பது எல்லோரும் செய்வதுதான். அந்த நெடிக்கு எலி அண்டாது என்பார்கள்.

உள்ளே விட்டபோது அவர் முகத்தில் நிறம் வந்திருந்தது. பொட்டலங்களைப் போட்டிருந்த பிளாஸ்டிக் கவரைக் கட்டிலில் வைத்தேன். பார்த்தார். வேறு பக்கம் பார்த்தார்.

"எப்பம் கெட்டினிய?"

"வில்லுக்குறில மொத தடவ சோந்துதே, அதுக்கு முந்தின வாரம். பானட்டுக்குள்ள இருந்து ஒரு சவத்து எலி குதிச்சி ஓடிச்சு. வயரக் கடிச்சா வழியில நிப்பியேன்னு நெனச்சேன்."

"ஒண்ணுதானே கெட்டினிய அப்பம்?"

"ஆமா. பெறவு வண்டி சோந்துது. எலிதான்னு நெனச்சி இன்னொண்ணு கெட்டினேன். அப்புறமும் சோந்துது. நேத்து ராத்திரி உறக்கம் வரல்ல. பெரிசா ஒண்ணு கெட்டுவோம்னு போனேன்."

மூச்சு முட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து, நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஷெட்டுக்குப் போயிருக்கிறார்.

"ஒர்க்ஷாப்புக்கு விடும்பம்?"

"முந்தின நாளே அவுத்து எடுத்திருவேன். அந்தப் பய பாத்தா உன்னட்டச் சொல்லிருவான். நீ ஏசுவ."

எனக்கு வந்த கோபத்தில் அந்த வார்டே கேட்கும்படி கத்தியிருப்பேன். எத்தனை லாரி, எத்தனை ஏற்றம், எத்தனை தடவை நாங்கள் இரண்டு பேரும் அந்த ரோட்டில் போய்ச் சேர்ந்திருப்போம். வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உன் காலு ஆடுகது எனக்குத் தெரியும்ட்டி. கண்ண மூடிட்டு இருந்தாலும் சீட்டு ஆடும்லா."

கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் வந்து அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து மானிட்டரைப் பார்த்தாள்.

மெக்கானிக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தான், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பலமாக மிதிக்கும்போது குழாய் காற்றை இழுக்கும், காற்றோடு பொட்டலமும் போய் வாயில் ஒட்டும். காலை எடுத்தால் விழுந்துவிடும். அன்று ஈரத்தில் ஒட்டியது விழவில்லை. "எனக்க வாழ்க்கையில இப்படி ஒண்ணு பாத்ததில்ல டீச்சர்" என்றான். சூடு படாத மூலையாகப் பார்த்துத்தான் அங்கே கட்டினேன் என்று இவர் விளக்கம் சொன்னார். முப்பது வருஷம் வயரோடு இருந்தவருக்கு வயர்தான் ஞாபகம், காற்று ஞாபகத்துக்கு வரவில்லை. எலி நிஜமாகவே இருந்தது. கூண்டில் இரண்டு விழுந்தன. பின்பக்கத் தகட்டோடு சேர்த்துக் கட்டினால் ஒன்றும் செய்யாது என்று மெக்கானிக் இடம் காட்டினான். அவர் முகத்துக்கு மாஸ்க்கும் கைக்கு உறையும் மாட்டிவிட்டு, நானே டார்ச் பிடித்தேன். அவர் தன்னுடைய முடிச்சைப் போட்டார்.

வண்டி சரியாகிவிட்டது. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எனக்குப் பயம் இருக்காது என்று எண்ணியிருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கால் ஆடியது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, ரோடும் காய்ந்து கிடந்தது, கால் ஆடியது. இத்தனை நாளும் வண்டியைச் சொல்லிப் பயந்துகொண்டிருந்தேன். இனி எதைச் சொல்வது?

அவர் ஏறினார். கதவைச் சாத்தினார். கண்ணை மூடினார். டயர் வரும், வயர் வரும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் கேட்பது போல மெதுவாகச் சொன்னார்.

"ஆண்டவரே, நான் போன பெறவும் இவ பயப்படாம இந்த வண்டிய ஓட்டணும்."

நான் ஆமென் சொல்வதற்காக அவர் கண்ணை மூடியபடியே காத்திருந்தார். நான் சொல்லவில்லை. சாவியைத் திருப்பினேன்.